மறுமுனை

ஷைஸ்தா விசா வேலையாகப் பாந்த்ராவுக்குப் போன நாளில்தான் சங்கரேஸ்வரி அந்தத் தகட்டைத் திருப்பினாள். திருப்பாமல் இருந்திருக்கலாம். அன்றைக்கு வேண்டிய அளவீடுகள் மதியத்துக்குள் முடிந்துவிட்டன. லேசர் சூடாகி நிதானத்துக்கு வந்திருந்தது. அதை அணைத்துவிட்டு மறுநாள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சோம்பலாக இருந்தது. அதைத் தவிர வேறு காரணம் ஏதும் இல்லை.

செம்பூரைத் தாண்டி இருக்கும் அந்த ஆராய்ச்சி நிறுவனத்தின் அடித்தளத்தில் அவர்களுக்கு இரண்டு அறைகள். இரண்டிலும் ஜன்னல் கிடையாது. லேசரும் படிகமும் இருந்த அறை ஷைஸ்தாவுடையது. அங்கிருந்து மயிர் போல மெல்லிய கண்ணாடி இழை ஒன்று தாழ்வாரத்தின் கூரையோடு ஓடி, எதிர் அறையில் சங்கரியின் மேசையில் வந்து இறங்கும். சாப்பாட்டு நேரம் வரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்துக்கொண்டு ஆளுக்கொரு இருட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்.

படிகத்தின் மேல் லேசரைப் பாய்ச்சினால் எப்போதாவது ஒளித்துகள்கள் ஜோடியாகப் பிறக்கும். ஒன்று ஷைஸ்தாவின் மேசைக்கு, இன்னொன்று இழை வழியாகச் சங்கரியின் மேசைக்கு. இரண்டும் பின்னிக்கொண்டவை. தனித்தனியாக எடுத்தால் அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சேர்த்துத்தான் சொல்ல முடியும். ஒரு மேசையில் கண்ணாடித் தகட்டை எந்தக் கோணத்தில் வைத்து அளக்கிறோமோ, அது அந்தத் துகளிடம் கேட்கும் ஒரு கேள்வி. இந்த முனையில் என்ன கேள்வி கேட்கிறோம் என்பதைப் பொறுத்து, அந்த முனைத் துகளின் நிலையை எப்படி எழுத வேண்டும் என்பதே மாறிவிடுகிறது. இதற்குத்தான் ஸ்டீரிங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சங்கரியின் அப்பா தங்கபாண்டி, தாராவியில் தொண்ணூறடி ரோட்டில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், வாடிக்கையாளர்களிடம் இதைத் தன் வழியில் சொல்லுவார்: "இங்ஙன திருப்புனா அங்ஙன திரும்புமாம். எம் மவ பண்ணுதா."

"அப்படி இல்லப்பா. இங்க இருந்து அங்க ஒண்ணுமே போறதில்ல. அங்க உள்ளவளுக்கு அவ துகளை மட்டும் பாத்தா ஒரு மண்ணும் தெரியாது. ரெண்டு பேரு கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாதான் தெரியும்" என்று அவள் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள்.

"அதத்தானட்டி நானும் சொல்லுதேன்" என்பார் அவர்.

சாதாரணமாக இந்தப் பிடி இரண்டு பக்கமும் உண்டு. ஆனால் ஒரு பாதையில் ஒளி கசிந்து துகள்கள் தொலைந்துகொண்டே இருந்தால், அந்த முனை பலவீனப்படும். ஒரு கட்டத்தில் இந்த முனைக்கு அதன்மேல் பிடி இருக்கும், அதற்கு இதன்மேல் இருக்காது. ஒருவழிப் பாதை. அப்படி ஒரு நிலையைச் செய்து காட்டியதுதான் ஷைஸ்தாவின் ஆய்வு. சங்கரியின் பக்கத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, மங்கலான முனையிலிருந்து எந்த வழியிலும் திரும்பிவர முடியாது என்று காட்டியிருந்தார்கள். கட்டுரையில் ஷைஸ்தாவின் பெயர் முதலில், சங்கரியின் பெயர் அடுத்து, வழிகாட்டி பேராசிரியர் சுப்ரமணியனின் பெயர் கடைசியில். அதைப் படித்துவிட்டுத்தான் ஜெர்மனியில் ஓர் ஆய்வுக் குழு ஷைஸ்தாவைக் கூப்பிட்டது. ஒருவழிப் பிடியை வைத்து ரகசியச் செய்தி அனுப்பும் ஏற்பாடு ஒன்றை அவர்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு முனையை நம்பலாம், மறுமுனையை நம்ப முடியாது என்ற நிலைமைகளுக்கு அது தோதானது.

சங்கரியின் ஆய்வேட்டில் மூன்றாவது அத்தியாயமும் அந்தக் கட்டுரையின் மேல்தான் நின்றது.

அவர்கள் கேட்டது இரண்டு கேள்விகள். அதாவது இரண்டே கோணங்கள். அன்றைக்குச் சும்மா இருந்த சங்கரி தகட்டைத் திருப்பி இன்னும் நான்கு கோணங்களைச் சேர்த்து அளந்து பார்த்தாள். கேள்விகள் கூடும்போது பலவீனமான முனைக்கும் கொஞ்சம் பலம் வரும் என்பது புத்தகத்தில் உள்ளதுதான். ஆனால் இவ்வளவு கசிவில் அது வராது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். திரையில் எண் ஏறி, தாண்டக்கூடாத கோட்டைத் தாண்டி நின்றது.

அவள் இருக்கையை விட்டு எழுந்தாள். டார்க் கவுண்ட் என்னும் கருவியின் இரைச்சலைக் கழித்தாள். மறுபடி அளந்தாள். தாண்டியது. இழையின் இணைப்பைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். அப்போதும் தாண்டியது.

மங்கலான முனைக்கும் பிடி இருந்தது. அவர்கள்தான் கேட்காமல் விட்டிருந்தார்கள்.

சாயங்காலம் ஷைஸ்தாவிடமிருந்து போன் வந்தது. "ஏட்டி, முடிஞ்சிட்டு! பாஸ்போர்ட்ட வாங்கி வச்சிக்கிட்டாங்க. ஒரு கேள்வி கேக்கல தெரியுமா? நான் பயந்ததுக்கு!" ரோட்டில் ரிக்‌ஷா சத்தத்துக்கு நடுவே அவள் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினாள்.

"சூப்பர்ட்டி" என்றாள் சங்கரி.

ஷைஸ்தாவுக்கு அந்த மூச்சுதான் பிரச்சினை. அவளுடைய வாப்பா முகம்மது ஹனீப் தோல்பை செய்பவர். கீழே பட்டறை, மேலே வீடு. தோலை ஒட்டும் சொல்யூஷனின் நெடி காலையிலிருந்து பலகைத் தளத்தின் இடுக்கு வழியாக மேலே வந்துகொண்டே இருக்கும். பிறந்ததிலிருந்து அதைத்தான் அவள் சுவாசித்தாள். சயான் ஆஸ்பத்திரி டாக்டர், மருந்து கொடுத்துக்கொண்டே இருக்கலாம், ஆனால் நீ அந்த வீட்டை விட்டு வெளியே வந்தால்தான் மருந்துக்கு வேலை குறையும் என்று சொல்லிவிட்டார். வெளியே என்றால் எங்கே? உதவித்தொகை முடிந்துபோய், மாதாமாதம் நீட்டிக்கும் ஒப்பந்தத்தில் அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்த வருமானத்துக்குச் செம்பூரில் ஒரு கட்டில் போடும் இடம்கூடக் கிடைக்காது. ஜெர்மனியில் தனக்குக் கிடைக்கப்போகும் அறையின் படத்தை அவள் போனில் வைத்திருந்தாள். படத்தில் மேசை, நாற்காலி, ஒரு பெரிய ஜன்னல். அந்த ஜன்னலைத்தான் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டுவாள்.

அவள் விமானம் ஏறட்டும், அதற்குப் பிறகு சொல்லலாம் என்று சங்கரி தீர்மானித்தாள். இடையில் இருந்தது ஒரு மாதத்துக்கும் குறைவு. ஆனால் அந்த மாதத்தில்தான் அவள் மூன்றாவது அத்தியாயத்தை எழுதி முடிக்க வேண்டும். தினமும் கம்ப்யூட்டரைத் திறப்பாள். 'மறுமுனையிலிருந்து எந்த வழியிலும் இயலாது' என்ற வரிக்கு வருவாள். அதை அழித்தால் ஷைஸ்தா போச்சு. வைத்தால், கண்ணால் கண்ட பொய்யைத் தன் கையால் எழுதியதாகும். ஸ்பீக்கரில் ஷைஸ்தாவின் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும்: அங்கே அரிசி கிடைக்குமாம், அங்கே ரயில் பெட்டிக்குள் சைக்கிளை ஏற்றலாமாம். சங்கரி உம் கொட்டிக்கொண்டே இருப்பாள். அந்த அறைக்கு ஒரு கதவுதான். அதைத் திறந்தால் எதிரே ஷைஸ்தாவின் கதவு.

ஆகஸ்ட் பாதியில் பெருமழை பிடித்துக்கொண்டது. ரெட் அலர்ட் என்று நிறுவனத்தை மதியமே மூடினார்கள். இருவரும் ஹார்பர் லைனில் பெண்கள் பெட்டியில் ஏறினார்கள். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பியிருந்தது. குர்லாவைத் தாண்டி, சூனாபட்டிக்குச் சற்று முன்னால் வண்டி நின்றது. வெளியே தண்டவாளம் தெரியவில்லை. பழுப்புத் தண்ணீர்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் விசிறிகள் நின்றன, விளக்கும் போயிற்று. சாரல் அடிக்கிறதென்று ஜன்னல்களை இறக்கிவிட்டார்கள். நனைந்த துணியும் வேர்வையும் யாரோ வைத்திருந்த மீன் பையும் சேர்ந்து உள்ளே கனத்தது.

நெரிசலில் சங்கரியின் தோளும் ஷைஸ்தாவின் தோளும் ஒட்டியிருந்தன. அசைய இடமில்லை.

"போன உடனே முதல் வாரமே ஒரு டாக் குடுக்கணும்" என்றாள் ஷைஸ்தா. "அந்த ஒருவழிப் படம் இருக்குல்லா, பெரிய சைஸ்ல உங்கிட்டதான கெடக்கு? இன்னைக்கி ராத்திரி அனுப்பிரு."

சங்கரி கண்களை மட்டும் திருப்பி, இறக்கிவிட்ட ஜன்னலைப் பார்த்தாள்.

"என்னட்டி? கேக்குதா இல்லியா?"

"அனுப்புதேன்."

"பதினஞ்சு நாளா பாக்கேன், மூஞ்சி செத்துப்போய் கெடக்கு. நான் போறேன்னா? அழுவாதட்டி, வீடியோ கால் இருக்கு."

"ஷைஸ்தா, அந்தப் படத்தக் காட்டாத."

"ஏன்?"

அப்புறம் நிறுத்த முடியவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருந்தால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் போயிருப்பாள். இறங்க இடமில்லாமல், முகத்தைத் திருப்பக்கூட இடமில்லாமல், ஷைஸ்தாவின் காதோரம் எல்லாவற்றையும் சொன்னாள்.

ஷைஸ்தா முதலில் கோபப்படவில்லை. ஆய்வகத்தில் கேட்பது போலவே கேட்டாள். "டார்க் கவுண்ட் கழிச்சியா?"

"கழிச்சேன்."

"இணைப்பு?"

"துடைச்சு மாட்டுனேன். மூணு தடவையும் அதேதான்."

"தகடு கோணம் தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா எண்ணு கொறையும்ட்டி, கூடாது. ஒனக்கே தெரியும்."

அவளுக்குத் தெரியும். அது தெரிந்த அந்த நொடியில்தான் அவள் முகம் மாறியது. "ரெண்டு கேள்விதான நம்ம வேலை? மிச்சத்த ஏன் கேட்ட?"

"சும்மா இருந்தேன். கேட்டேன்."

"சும்மா இருந்தா சும்மா இருக்க வேண்டியதுதான! காய்கோ, எதுக்குக் கேக்கணும்? கேட்டதுதான் கேட்ட, எங்கிட்ட ஏன் சொன்ன? நான் போன பெறவு சொல்லப்படாதா?" குரல் உயர்ந்தது. சுற்றி நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மராட்டிக்கார அம்மா, என்னவோ காதல் விவகாரம் என்று நினைத்தவளாக, சண்டை போடாதீங்க பிள்ளைகளா, இங்கே ஏற்கெனவே காற்று இல்லை என்றாள்.

காற்று உண்மையிலேயே இல்லை. ஷைஸ்தா பேச்சை நிறுத்தினாள். வாயைத் திறந்து இழுத்தாள். பையைத் துழாவி மருந்துக் குழலை எடுத்து உறிஞ்சினாள். மறுபடி உறிஞ்சினாள். நெஞ்சில் விசில் சத்தம் நிற்கவில்லை.

"ஜகா தோ, எடம் குடுங்க, இவளுக்கு மூச்சு வரல, தர்வாஜா பக்கம் விடுங்க!" சங்கரி அவளை முன்னால் வைத்துத் தள்ளினாள். அந்த நெரிசலிலும் பெண்கள் எப்படியோ வயிற்றை எக்கி வழி விட்டார்கள். சங்கரி தலைக்கு மேலே தூக்கி வைத்திருந்த பையை யாரோ வாங்கிக்கொண்டார்கள். வாசலில் மழைச்சாரல் நேராக முகத்தில் அடித்தது. ஷைஸ்தா கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். அவள் விழுந்துவிடாமலிருக்கச் சங்கரி பின்னாலிருந்து இடுப்பைச் சேர்த்துப் பிடித்திருந்தாள். விடு என்று ஷைஸ்தா கையைத் தட்டினாள். விட்டால் கீழே தண்ணீர். சங்கரி விடவில்லை.

வெகுநேரம் அப்படியே நின்றார்கள். கடைசியில் தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டி ஏணி வைத்து ஒவ்வொருவராக இறக்கினார்கள். முட்டளவுத் தண்ணீரில், காலடியில் ஜல்லி உருள, இருவரும் கையைக் கோத்துக்கொண்டு நடந்தார்கள். கோக்காமல் நடக்க முடியாது. தாராவிக்குள் வந்து, ஷைஸ்தாவின் சந்து திரும்பும் இடத்தில் அவள் கையை உருவிக்கொண்டு போனாள்.

நான்கைந்து நாள் அவள் போனை எடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் சங்கரி கருவியைப் போட்டதும் ஸ்பீக்கரில் குரல் வந்தது. "நான் இங்ஙன இருக்கேன். முதல் கோணத்துல வை."

அந்த வாரம் முழுக்க அவர்கள் வேலையைத் தவிர எதுவும் பேசவில்லை. ஷைஸ்தா அந்த முடிவை உடைக்கப் பார்த்தாள். சங்கரியின் தகடுகளைக் கழற்றித் தன்னுடையவற்றை மாட்டச் சொன்னாள். எண்ணும் கருவியை மாற்றச் சொன்னாள். பாதையை இன்னும் மங்கலாக்கச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் பிறகு எண் வரும்வரை அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். தப்பு ஏதாவது வெளிப்பட்டுவிடாதா என்று சங்கரியும் வேண்டிக்கொண்டாள். தன் வேலையில் தப்பு வர வேண்டும் என்று ஓர் ஆராய்ச்சிக்காரி கோயிலுக்கு நேர்ந்துகொண்டது அநேகமாக அதுவே முதல்தடவையாக இருக்கும். எண் ஒவ்வொரு முறையும் கோட்டைத் தாண்டியது.

"போதும். அணை" என்றாள் ஷைஸ்தா.

இருவரும் பேராசிரியர் சுப்ரமணியனிடம் போனார்கள். மாட்டுங்காக்காரர், மென்மையாகப் பேசுகிறவர். படங்களை நிதானமாகப் பார்த்தார். "அழகான ரிசல்ட்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "இதுல பதற ஒண்ணும் இல்லையேம்மா. ரெண்டு கேள்வி கேட்டோம், முடியலைன்னு சொன்னோம். ஆறு கேட்டா முடியறது. இது அடுத்த பேப்பர். ஷைஸ்தா போய்ச் சேரட்டும். மார்ச்சுல எழுதிக்கலாம்."

"சார், ரெண்டு கேள்வியிலன்னு நாம சொல்லலியே. எந்த வழியிலயும் முடியாதுன்னுல்லா போட்டிருக்கோம்" என்றாள் ஷைஸ்தா.

"அது கொஞ்சம் அப்படி எழுதறதுதான். எல்லாரும் எழுதறா." அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் ஒண்ணும் தடுக்கலை. உங்க முடிவு. ஆனா யோசிச்சுக்கோங்கோ. யாருக்கு என்ன லாபம்?"

அவர் தடுத்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும், எதிர்த்து நிற்க ஒரு சுவராவது கிடைத்திருக்கும் என்று சங்கரிக்குத் தோன்றியது.

கேன்டீனில் டீ ஆறிக்கொண்டிருந்தது. "நான் அவங்களுக்கு எழுதிருதேன்" என்றாள் ஷைஸ்தா.

"வேண்டாம்ட்டி. சாரு சொன்னதுதான் சரி. நீ போ. போய்ச் சொல்லிக்கிடலாம்." அந்த வார்த்தைகள் தன் வாயிலிருந்து வருவது சங்கரிக்கே விநோதமாக இருந்தது.

"அவுங்க கட்டுன கட்டடத்துல போய் ஏறி நின்னுக்கிட்டு, அஸ்திவாரம் இல்லன்னு சொல்லச் சொல்லுதியா? அங்கயும் எனக்கு மூச்சு முட்டும்." ஷைஸ்தா டீயைத் தொடாமல் எழுந்தாள். "நீ சொல்லாம இருந்திருந்தா நான் ஜன்னலத் தொறந்து வச்சுக்கிட்டு நிம்மதியா இருந்திருப்பேன். இனி முடியாது. அவ்வளவுதான்."

ஜெர்மனியிலிருந்து பதில் மரியாதையாக வந்தது. நேர்மைக்கு நன்றி சொன்னார்கள். ஒருவழிப் பிடியை நம்பித்தான் அந்தப் பதவி ஏற்பட்டது, திட்டத்தை மாற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது, ஆகவே இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறோம் என்றார்கள். பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா ஷைஸ்தாவின் பீரோவில் கிடந்தே காலாவதியானது. ஹனீப் மகளிடம் எதுவும் கேட்கவில்லை. சொல்யூஷன் பூசும் வேலையை மட்டும் மத்தியானத்தோடு நிறுத்திவிடச் சொன்னார். அந்த அளவுதான் அவரால் முடிந்தது.

திருத்தக் கட்டுரை குளிர்காலத்தில் வெளிவந்தது. அதையும் ஷைஸ்தாதான் எழுதினாள். 'கூடுதல் கேள்விகளைக் கேட்டுப் பார்த்து, மறுமுனையின் பிடியைக் கண்டறிந்தவர் சங்கரேஸ்வரி' என்று ஒரு வாக்கியம் சேர்த்தாள். வேண்டாம் என்று சங்கரி எவ்வளவோ சொன்னாள். "நடந்ததுதான?" என்றாள் ஷைஸ்தா.

அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டுத்தான் ஜெர்மனியிலிருந்து சங்கரிக்கு மெயில் வந்தது. அதே குழு. திட்டத்தை மாற்றிவிட்டார்கள், இப்போது பல கேள்விகளின் வழியாகப் போகிறார்கள். ஆய்வேட்டைக் கொடுத்ததும் அவளால் வர முடியுமா? பதவியும் அதே பதவிதான்.

பல நாள் அவள் அதை யாரிடமும் காட்டவில்லை. ஷைஸ்தாவோடு ஒரே ரயிலில் போனாள், ஒரே டப்பாவில் சாப்பிட்டாள், ஸ்பீக்கரில் கோணங்களைச் சொன்னாள். ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள். போன தடவை உண்மையைச் சொல்லி ஷைஸ்தாவின் ஜன்னலை மூடினாள். இந்தத் தடவை சொன்னால், அந்த ஜன்னலுக்குள் நான் உட்காரப்போகிறேன் என்று சொல்வதாகும். வேண்டாம் என்று பதில் எழுத உட்கார்ந்தால் விரல் ஓடவில்லை. போக ஆசையாக இருந்தது. அதுதான் அவளைத் தின்றது.

ஒற்றை அறை வீட்டில் ரகசியம் எத்தனை நாள் தாங்கும்? பேசிப் பார்க்கலாம் என்று மட்டும் அவள் எழுதியிருந்ததால், குழுத் தலைவியின் வீடியோ அழைப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. மேல்தட்டில் போர்வையைத் திரைபோலக் கட்டிக்கொண்டு மெதுவான குரலில் பேசினாள். கீழே தங்கபாண்டி பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். இங்கிலீஷ் புரியவில்லை. 'ஜெர்மனி', 'வெல்கம்' இரண்டும் புரிந்தன. அவள் இறங்கி வருவதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போயிருந்தார். திரும்பி வந்தபோது கையில் ஒரு கிலோ லட்டுப் பெட்டி.

"வா, மொதல்ல பாய் வீட்டுல குடுத்துட்டு வருவோம்."

"எப்பா, வேண்டாம். பெறவு போலாம்."

"பெறவு என்ன பெறவு? ரெண்டு பேரும் சேந்தே படிச்ச பிள்ளைய. அந்தப் பிள்ளைக்கு கெடைக்காமப் போச்சேன்னு நான் எத்தன நாள் வருத்தப்பட்டேன். ஒருத்திக்காவது கெடச்சிதேன்னு பாய் சந்தோஷப்படுவாருல்லா?"

அது வேறொன்று அல்ல, ஷைஸ்தா இழந்த அதே இடம்தான் என்பது அவருக்குத் தெரியாது. தடுக்க வேண்டுமென்றால் நடுத்தெருவில் எல்லாவற்றையும் விளக்க வேண்டும். அவள் அவர் பின்னால் ஓடினாள்.

ஹனீப் பட்டறை வாசலில் பைகளுக்கு நடுவே உட்கார்ந்து வார் தைத்துக்கொண்டிருந்தார். தங்கபாண்டி விஷயத்தைச் சொன்னதும் ஊசி அப்படியே நின்றது. ஒரு கணம்தான். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தார். ஒரு லட்டை உடைத்து, பாதியைச் சங்கரியின் வாயில் வைத்தார். "நல்லா இரு மவளே. போயிட்டு வா." மீதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, தங்கபாண்டி டீக்கடைப் பையனைக் கூப்பிடத் திரும்பிய நேரம், தாழ்ந்த குரலில் கேட்டார். "ஷைஸ்தா செஞ்ச வேலையில தப்பு ஒண்ணும் இல்லயேம்மா? எங்கிட்ட சொல்ல மாட்டேங்கா. அதான் கேக்கேன்."

சங்கரி லட்டை மென்று விழுங்கினாள். "அவ அளந்ததுல ஒரு தப்பும் இல்ல மாமா. நாங்க ரெண்டு பேரும் கேக்காம விட்டது ஒண்ணு இருந்துச்சு. அத ஒத்துக்கிட்டு அவளே எழுதுனா. வேற யாரா இருந்தாலும் எழுதிருக்க மாட்டாங்க."

அவர் தலையை ஆட்டினார். நிம்மதிப்பட்டாரா என்று தெரியவில்லை. "மேலதான் இருக்கா. போ."

சங்கரி ஏணியில் ஏறினாள். ஷைஸ்தா சுவரில் சாய்ந்து மடியில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தாள். கீழே பேசியதெல்லாம் பலகை இடுக்கு வழியாக இங்கே கேட்கும். இருவருக்கும் அது தெரியும்.

"ஷைஸ்தா, நான் சொல்லணும்னுதான்…"

"எனக்கு போன வாரமே தெரியும். அந்த ஜெர்மனி அம்மா எனக்குப் போன் போட்டாங்க. ஒன்னைப் பத்திக் கேக்கதுக்கு."

சங்கரி நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். "என்ன சொன்ன?"

"உள்ளதச் சொன்னேன். நல்லா வேலை செய்வா, அளந்தது தப்பா இருக்காதுன்னேன். எனக்குப் பொறாமையா இருக்குன்னும் சொன்னேன். சிரிச்சாங்க. நான் சிரிப்புக்குச் சொல்லல."

"நான் போகல."

ஷைஸ்தா கம்ப்யூட்டரை மூடிக் கீழே வைத்தாள். "போகாட்டா? அந்த எடம் எனக்கு வந்துருமா? ரெண்டு பேரும் இங்ஙனயே கெடந்து இரும்பிக்கிட்டு இருக்கவா? ஒன் தியாகத்த நான் எங்க வைக்க, இந்த வீட்டுல எடம் இருக்கா பாரு." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "போ. ஆனா எங்கிட்ட சந்தோஷத்த எதிர்பாக்காத. இப்ப என்னால முடியாது. அங்க போய் கொஞ்ச நாளைக்கு எனக்குப் போன் போடாத. நானே போடுதேன்."

"எப்ப?"

"தெரியல."

சங்கரிக்கு அழுகை வந்தது. அழுவதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றியதால் அடக்கிக்கொண்டாள். "போறேன்" என்று மட்டும் சொன்னாள்.

சங்கரி எழுந்துகொள்ளப் பார்த்தாள். இறங்க அந்த ஒரு ஏணிதான். அதன் அடியில் தங்கபாண்டியும் ஹனீப்பும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனியில் குளிர் எப்படி இருக்கும், துணிமணிக்கு தாதர் மார்க்கெட்டா உல்லாஸ்நகரா என்று அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். பாய் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பேச்சு முடிகிற மாதிரித் தெரியவில்லை.

ஷைஸ்தா காலை மடக்கிக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். சங்கரி மறுபடி உட்கார்ந்தாள்.